கடல் பார்த்த அறை

"த்தூ! இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா?"

ரீயூனியன் தீவு. செயின்ட் டெனிஸ் நகர விடுதி அறைக்குள் நுழைந்ததுமே நவநீதகிருஷ்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பக்கத்துல மீன் மார்க்கெட் சார்," என்றான், சேலத்திலிருந்து கூட வந்த டூர் கைடு டோனி. "ரெண்டு நாள்ல பழகிடும்."

"பழகறதா? குடிக்கற காப்பி கூட நாறுது. குமட்டிக்கிட்டு வருது! உடனே வேற ரூம் பாரு தம்பி."

டோனி வரவேற்பறைக்கு ஓடினான்.

நாமக்கல்லிலிருந்து போன் வந்தது. அவருடைய கோழிப்பண்ணை மேனேஜர்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுக் கந்தப்பண்ணன் மறுபடியும் வந்து நிக்கறாருங்க. நம்ம பண்ணை நாத்தத்துல சோறு திங்க முடியலையாமுங்க."

மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே நவநீதகிருஷ்ணன் சொன்னார்:

"பத்து வருசமா இதே பாட்டு. போகப் போகப் பழகிரும்னு சொல்லி அனுப்பு."