கொலைகாரன் மாட்டினான்

நீலமதியின் புதுத் துப்பறியும் நாவல் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு மூட்டை கனக்கவில்லை. வந்த அன்றே, லாரியில் சுமை ஏற்றிவிட்டு வியர்வையோடு கடைக்கு ஓடினேன்.

கடைக்கார ரோஸ்லின் சிரித்தாள். "கையைத் தொடச்சுட்டு வாங்குங்கண்ணே. உறையப் பிரிச்சா மறுநாள் சாயங்காலம் எழுத்தெல்லாம் மறைஞ்சிடும், ஞாபகம் இருக்கில்ல?"

"மறக்குமா? போன மூணு நாவல்லயும் கொலைகாரன் என்கிட்ட மாட்டவே இல்லையேம்மா."

"பேசுற புத்தகம் வாங்குங்க. அதுவே வாசிச்சுடும்."

"நாப்பது வயசுல எழுத்துக் கத்துக்கிட்டது காதால கேக்கிறதுக்கா?"

விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அன்று ராத்திரியே உறையைப் பிரித்தேன், மறுநாள் வேலைக்குப் போகவில்லை. இந்த முறை கடைசி அத்தியாயத்தை முதலில் எடுத்தேன். சோறு ஆறிப்போனது, கண் எரிந்தது. விரலுக்கு முன்னால் எழுத்து மங்க மங்க, "இருடா, இருடா" என்று தாளிடம் கெஞ்சினேன்.

மாட்டிவிட்டான். டாக்டர் தயாளன்தான். "அவளை நான்தான் கொன்றேன்" என்று கடைசி வரியில் அழுகிறான். அந்த அத்தியாயம் முழுக்க அவள், அவள் என்றே இருந்தது, பெயர் இல்லை.

அவள் யார் என்று பார்க்க அவசரமாக முதல் பக்கத்துக்குப் புரட்டினேன்.

வெறும் வெள்ளைத் தாள்.