இன்னும் ஓட்டுகிறீர்களா?

கணவர் இருதயராஜ் இறந்த பிறகு அவருடைய மடிக்கணினியை ஸ்டெல்லா முதன்முறையாகத் திறந்தாள். ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸ் மென்பொருள் குழுவிலிருந்து வருடாவருடம் வரும் கேள்விதான்: "பழைய மெயின்ஃப்ரேம் கணினியில் எங்கள் மென்பொருளை இன்னும் யாராவது ஓட்டுகிறீர்களா? இல்லையென்றால் அதற்கான பகுதியை நீக்கிவிடுகிறோம்." பழைய அஞ்சல்களில், போன வருடம் வரை ஒவ்வொரு முறையும் அவர் ஒருவர் மட்டுமே பதில் போட்டிருந்தார். "நான் ஓட்டுகிறேன்."

அவரோடு வேலை பார்த்த நாகேந்திரனுக்குப் போன் செய்தாள். "அண்ணே, ஆபீஸ்ல பீரோ மாதிரி நிக்குமே, அந்தப் பழைய கம்ப்யூட்டர், அதை இப்ப யார் பாத்துக்கறாங்க?"

"அதை உடைச்சு இரும்புக்குப் போட்டு ரொம்ப வருஷமாச்சேம்மா. இருதயராஜ்தானே கூட நின்னு லாரியில ஏத்திவிட்டான்."

போனை வைத்தவள் அவர் எழுதும் அதே வரியைத் தட்டினாள். அனுப்புநர் இடத்தில் அவர் பெயர் தானாகவே வந்திருந்தது. அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நல்லது இருதயராஜ். அடுத்த வருடம் கேட்கிறோம்."