வெண்ட்லர் பொறுப்பில் பதினொரு கிழங்குகள்

"காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. மறந்துடாதீங்க, மிஸ்டர் வெண்ட்லர். தண்ணி இல்லேன்னா என் குட்டி ஐரிஸ் பூச்செடி மொத்தமும் செத்துப்போயிடும்!"

கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு லோத்தர் தோட்டத்துச் சாவியை நீட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வெண்ட்லர் இரண்டு விரலால் அதை வாங்கிக்கொண்டார். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பதினொரு வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாமே தோட்டச் சங்கத்துக்குப் போட்ட புகார்க் கடிதங்கள் வழியாகத்தான். லோத்தரின் வேலிச்செடி விதியைவிட மூன்று சென்டிமீட்டர் உயரம் என்று வெண்ட்லர் டேப் வைத்து அளந்து எழுதினார். மதிய ஓய்வு நேரத்தில் வெண்ட்லர் புல் வெட்டுகிறார் என்று லோத்தர் தேதி, நிமிடத்தோடு எழுதினார். எங்கள் ஹாலே நகரத்தில் ஆளுக்கொரு துண்டுத் தோட்டத்தை வாடகைக்கு எடுப்பதே மன நிம்மதிக்காகத்தான்.

கடற்கரைக்குப் போகும் ரயில் நகர்ந்ததும் மனைவி எல்கே பிடித்துக்கொண்டாள். "உனக்கு மூளை குழம்பிப்போச்சா லோத்தர்? போயும் போயும் அந்த ஆள்கிட்டயா சாவியைக் கொடுப்பே?"

"சங்கத்து விதி. ரெண்டு வாரத்துக்கு மேல ஊருக்குப் போனா பக்கத்துத் தோட்டக்காரர்தான் பொறுப்பு. ஒரு பக்கம் ரயில்வே சுவர், இன்னொரு பக்கம் இவன். நான் என்ன பண்ண?"

"சரி, தண்ணி எதுக்கு ஊத்தச் சொன்னே? கோடை முழுக்க அது மண்ணுக்குள்ள தூங்கும், ஈரம் பட்டா அழுகிடும்னு நீதானே என் உயிரை வாங்குவே!"

லோத்தர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "அதனாலதான் சொன்னேன். ஊத்தாதேன்னு சொல்லியிருந்தா இந்நேரம் குழாயைத் திறந்துவிட்டிருப்பான். ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லி லெட்டர் போட்டதுக்குப் பெரிய ரேடியோ வாங்கினவன் அவன்."

எல்கேவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. அந்தச் சரளைப் பாத்தியில் இருந்தவை கடையில் வாங்கிய கிழங்குகள் இல்லை. லோத்தரே மகரந்தம் சேர்த்து, விதை போட்டு, ஐந்து வருடம் காத்திருந்து முதல் பூவைப் பார்த்தவை. விரல் உயரம்தான் இருக்கும்; அந்த நீலம் வேறு யாரிடமும் கிடையாது. உலகத்திலேயே மொத்தம் பதினொரு கிழங்கு. மார்ச்சில் நடக்கும் சங்கத்து நூற்றாண்டுக் கண்காட்சியில் வைத்து, அதற்கு எல்கே என்றே பெயர் சூட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஜூலை நடுவில் திரும்பி வந்தார்கள். லோத்தர் சரளையை விலக்கி மண்ணை அள்ளிப் பார்த்தார். மாவு போல விரலிடுக்கில் உதிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

குதிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் அடுத்த வருடமும் இதே ஆளிடம்தானே சாவியைக் கொடுக்க வேண்டும்? கோபப்படாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அடடா, மறந்தே போச்சு" என்றார் வெண்ட்லர், வேலியோரம் காப்பிக் கோப்பையோடு. உதட்டோரம் ஒரு நமட்டுச் சிரிப்பு.

லோத்தர் தொப்பியைத் தரையில் அடித்தார். "ஆயிரம் சண்டை இருந்தாலும் மனுஷன்னு நம்பித்தானே கொடுத்தேன்! என் பெண்டாட்டி பேரை வைக்கிறதுக்காக அஞ்சு வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தது. இனி அது பிழைக்குமோ என்னமோ!" கண்களைக்கூடத் துடைத்துக்கொண்டார். துடைக்க ஈரம்தான் இல்லை.

வெண்ட்லரின் கோப்பை பாதி வழியில் நின்றது. மிச்சக் காப்பியைப் புல்லில் கொட்டிவிட்டுத் தன் குடிலுக்குள் போய்விட்டார்.

"ஓவரா நடிச்சுட்டே. அவர் முகமே செத்துப்போச்சு, பாவம்" என்றாள் எல்கே.

"அவனுக்கா? மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே!"

அதன் பிறகு லோத்தர் வழக்கம்போல வேலை நாட்களில் அலுவலகம், சனி ஞாயிறு தோட்டம் என்று இருந்தார். தூங்கும் கிழங்கைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால் பாத்தியைக் கிளறவில்லை. மழையே இல்லாத ஆகஸ்டில் சரளையோரம் நத்தைகள் ஊர்ந்தன. பொறுக்கிக்கொண்டு வந்து போட்டது வெண்ட்லராகத்தான் இருக்கும் என்று அவற்றை வேலிக்கு அந்தப் பக்கமே வீசினார். ஆச்சரியமாக, புகார்க் கடிதம் ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. கிழங்குகளை எடுத்துக் கண்காட்சிச் சட்டிகளில் நடுவதற்காக லோத்தர் மண்வாரியோடு குனிந்தார். எல்கே பதினொரு சட்டியையும் வரிசையாக அடுக்கியிருந்தாள்.

படல் திறந்தது. வெண்ட்லர், கையில் பிளம் கேக்கோடு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"அன்னிக்கு நீங்க அழுததைப் பார்த்ததுலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலை" என்றார். "பதினொரு வருஷமா உங்களுக்கு எதிராவே எல்லாம் பண்ணியிருக்கேன். அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் பரிகாரம் பண்ணினேன்."

"பரிகாரமா?" என்றாள் எல்கே.

"செடி செத்துடக்கூடாதேன்னு, அன்னிலேருந்து நீங்க ரெண்டு பேரும் இல்லாத நாளெல்லாம் வேலிக்கு மேல குழாயைப் போட்டு நான்தாம்மா தண்ணி விட்டேன்!"