மகர்!

"இன்னொரு தடவை கத்தினே, உன்னையும் பாப்பாவையும் நாளைக்கே மெயின்லேண்ட் கப்பல்ல ஏத்தி விட்டுடுவேன்" என்றான் சிவபிரகாஷ்.

உமா தலையாட்டினாள். வந்ததிலிருந்து பல்லிக்கு ஒரு கத்தல், தேங்காய் விழுந்ததற்கு ஒரு கத்தல், அவன் தும்மியதற்கும் ஒன்று.

அந்தமான் காட்டுக்குள், ஓடை ஓரமாக ஊர்க்காரர்களே நடத்தும் சின்ன விடுதி அது. வாடகைக் காசில் அலையாத்திச் செடி நடுகிறார்கள், முதலைகளைக் காப்பாற்றுகிறார்கள். 'முதலையும் நம்ம சொந்தம்' என்று எழுதிய பனியனை அங்கேயே வாங்கி மாட்டிக்கொண்டான் சிவபிரகாஷ்.

"ஏங்க, முதலை வந்துட்டா?"

"இது அது வீடு. நாமதான் விருந்தாளி. யாராவது 'மகர்'னா அசையாம நிக்கணும். ஹிந்தியில முதலை."

"மகர்னா 'ஆனால்'னுதானே கான்வென்ட்ல சிஸ்டர் சொன்னாங்க?"

"உன் கான்வென்ட் ஹிந்தியெல்லாம் நாம படகு ஏறின ஃபீனிக்ஸ் பே ஜெட்டி வரைக்கும்தான்."

சாயங்காலம் அறை வாசலில், சாப்பாட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்; பாப்பாவுக்கு உமா பால் கேட்டிருந்தாள். எல்லாரும் 'தாதா', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் சமையற்காரர் பிஸ்வாஸ் ஓடைப் பக்கப் படியில் டம்ளரோடு வந்தார். ஈரப் பலகையில் கால் வழுக்கியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"தூத் லாயா, பேட்டி... மகர்..."

உமா வாயைத் திறக்குமுன் அவள் முதுகுக்குப் பின்னால் எழுந்த அலறலில் மரத்துக் கிளிகளெல்லாம் பறந்தன.

பாப்பாவைக் கணவனிடம் கொடுக்கத் திரும்பினாள் உமா. நாற்காலி காலி. அவன் சாப்பாட்டு மேசை மேல் ஏறி, தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான்.

பாப்பாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். படியிறங்கி ஓடினாள். பிஸ்வாஸின் கையைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுத்து வந்தாள்.

"அரே பேட்டி, சோடோ! கையை விடும்மா! மகர் சீனி கதம்! ஆனா சர்க்கரை தீந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன்மா!"

அதற்குள் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"யாருங்க அப்படிக் கத்தினது? சார் ஏன் மேசை மேல நிக்கிறார்?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். அலறிய அலறலில் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

"நான்தாங்க கத்தினேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாள் உமா. "இவருக்கு முதலைன்னா உயிரு. நல்லாப் பாக்கலாம்னு மேலே ஏறினார்."