பூதத்துக்குக் கிரீடம்

"அடக் கடவுளே! இது வகுப்பா, இல்ல பேப்பர் கடையில எலி பூந்த இடமா?"

வாசலில் நின்று கேட்டவள் எதிர் வகுப்பறைக்காரி. அந்த மழலையர் பள்ளியில் காலியாக இருந்தது ஒரே ஒரு ஆசிரியை வேலை. கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் அவளும், உள்ளே காகிதக் குப்பைக்கு நடுவில் நின்ற இவளும்தான். ஆளுக்கு ஒரு வகுப்பைக் கொடுத்து, மாயாஜாலக் கதை ஒன்று சொல்லிக் குழந்தைகளோடு காகிதக் கிரீடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைமை ஆசிரியை வந்து பார்ப்பாராம். வகுப்பையே பார்க்காமல் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என்னங்க பண்றது? பிள்ளைங்க ஆளாளுக்கு வெட்டித் தள்ளிட்டாங்க" என்றாள் தலையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்துக்கொண்டே இவள்.

இவளுக்கு அன்று 'பூத மிஸ்' என்று பெயர். கிரீடத்தைக் கிணற்றில் தவறவிட்டுவிட்டு ஊரே நடுங்க அழுத பூதத்தின் கதையை, பூதமாகவே மாறி அழுது காட்டியதில் வாண்டுகள் வைத்த பெயர் அது. "அழாத பூதம், நாங்க செஞ்சு தரோம்!" என்று எல்லாம் பாய்ந்து வந்து கத்தரிக்கோலைப் பிடுங்காத குறை. அப்புறம் கேட்கவா வேண்டும்!

"சரி, கிரீடமெல்லாம் எங்கே?"

"போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க."

"என்னது! மேடம் பார்க்க ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா?"

"கழட்டுங்கன்னு சொன்னேன், உதட்டைப் பிதுக்கினாங்க. எனக்கு மனசு வரல."

"நல்லா இருக்கு போங்க! எங்கிட்டயும்தான் ஒரு வாண்டு எடுத்துட்டுப் போறேன்னு அழுதுச்சு. மூச்! மேடம் பார்த்த அப்புறம்தான்னு சொல்லிட்டேன். என் ரூமை வந்து பாருங்க. எல்லாம் ஒரே அளவு, ஒரே தங்கக் கலர், அச்சுல வார்த்த மாதிரி!"

பூத மிஸ் இதற்கு முன்பு ஏறி இறங்கிய பள்ளிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. "இதுவும் கிடைக்கலைன்னா பேசாம நம்ம கடைக்கு வந்துடும்மா" என்று மாமனார் காலையில்தான் சொல்லியிருந்தார். இவளும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். மாமனாருக்கு இரும்புக் கடை. நல்ல மனுஷர்தான். ஆனால் நாளெல்லாம் ஆணிக்கும் போல்ட்டுக்கும் கதை சொல்ல முடியுமா? நினைத்தபோதே அழுகை முட்டியது.

தலைமை ஆசிரியை முதலில் எதிர் அறைக்குள் போனார். "அடடா! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே!" என்ற குரல் இங்கே வரை கேட்டது.

'அவ்வளவுதான், கதை முடிஞ்சது. தரையையாவது சுத்தம் பண்ணிட்டுக் கிளம்புவோம்' என்று துடைப்பத்தை எடுத்தாள் பூத மிஸ்.

"பெருக்காதீங்க!"

அதட்டலில் துடைப்பம் கையிலிருந்து நழுவியது. தலைமை ஆசிரியை உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் பின்னாலேயே எதிர் வகுப்பறைக்காரியும் வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். அஞ்சு நிமிஷத்துல கூட்டிடறேன்."

தலைமை ஆசிரியை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டு வலியில் முனகியபடி குனிந்து, நாற்காலி நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையில் ஒரு கைப்பிடித் துணுக்குகளை அள்ளினார்.

"இங்க உட்கார்ந்தது யாரு?"

"நீலக் கவுன் போட்ட குட்டி, மேடம். அது... கிரீடமே செய்யல. பேப்பர் முழுக்கப் பொடிப்பொடியா நறுக்கிட்டு, பூதம் வீட்டுல மழை பெய்யுதுன்னு சொல்லிச்சு. நானும் விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா?"

"முதல் தடவையா கத்தரிக்கோல் பிடிச்சிருக்கும் போல, மேடம். அவ்வளவு சந்தோஷம் அது முகத்துல! பிடுங்க முடியல."

எதிர் வகுப்பறைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"திங்கட்கிழமை காலையில வந்து வேலையில சேர்ந்துடுங்க."

"ரொம்ப நன்றி மேடம்!" என்று கை கூப்பினாள் எதிர் வகுப்பறைக்காரி.

பூத மிஸ் அவள் பக்கம் திரும்பி, "வாழ்த்துகள்ங்க" என்றாள். அதை மனதாரச் சொல்லவும் செய்தாள்.

"உங்களை இல்லம்மா, இவங்களை!" என்று பூத மிஸ்ஸின் தோளில் கை வைத்தார் தலைமை ஆசிரியை.

"என்ன மேடம் இது, அநியாயமா இருக்கு! இங்க ஒரு கிரீடம்கூட இல்லையே!"

"கிரீடத்தை நான் எப்பவுமே கணக்குல எடுத்துக்கறதில்ல, கீழ கிடக்கற குப்பையைத்தான் பார்ப்பேன்" என்றார் தலைமை ஆசிரியை. "உங்க ரூம்ல வெட்டின துண்டெல்லாம் டீச்சர் மேசைக்கு அடியில மட்டும் கிடக்கு, இங்க ஒவ்வொரு குட்டி நாற்காலிக்கு அடியிலயும் கிடக்கு!"