செவ்வாய்க்கிழமை அறை

செவ்வாய்க்கிழமை அறை காலியாக இருந்தது.

நோலீன் மாத்திரைப் பெட்டியின் மூடியை மூடினாள், மறுபடி திறந்தாள். ஞாயிறு காலி, திங்கள் காலி, செவ்வாயும் காலி. இன்றைக்குத்தான் செவ்வாய். புருஷன் மர்ரே இன்னும் படுக்கையை விட்டே எழவில்லை.

மாத்திரைகளை எடுத்து வைத்தவள் அவள்தான். திமாரு வீட்டுச் சமையலறையில் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆக்லாந்தில் கப்பல் ஏறும் தேதியிலிருந்து ஹொனலுலுவில் இறங்கும் தேதி வரை விரல்விட்டு எண்ணினாள். பதினாலு தேதி, பதினாலு அறை. உபரியாக ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தால் கிழவன் எடுத்துப் போட்டுக்கொள்வான் என்று பயம்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. ஒரே நாளில் இரண்டு போட்டால் மூக்கில் கொட்டலாம், மண்டைக்குள்ளேயும் கசியலாம்.

இத்தனை நாளும் அவள் கையால்தான் கொடுத்து வந்தாள். சூவா துறைமுகத்தை விட்டதும் கடல் புரட்டியெடுத்தது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுருண்டவள், இன்று காலைதான் தலை நிமிர்ந்தாள். அந்த இடைவெளியில் பெட்டி அவன் கையில் இருந்திருக்கிறது. தலைமாட்டில், அவளுக்கென்று அவன் கொண்டுவந்து வைத்த பச்சை ஆப்பிள் இரண்டு கடிபடாமல் கிடந்தன.

"மர்ரே, எழுந்திரு. நேத்து எத்தனை மாத்திரை போட்ட?"

"ஒண்ணு." அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"எந்த அறையிலேர்ந்து?"

"செவ்வாயிலேர்ந்து. நேத்து செவ்வாய்தானே."

மர்ரேயின் அண்ணன் காலினுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் கிழமை போயிற்று, அப்புறம் பிள்ளைகளின் பெயர், அப்புறம் கரண்டியை எப்படிப் பிடிப்பது என்பது. கடைசி இரண்டு வருஷம் முதியோர் இல்லத்து ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

இரவு உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். விடுமுறையில் கிழமை மறந்துபோகிறவர்களுக்காகக் கப்பல் லிஃப்டில் கிழமை எழுதிய கால்மிதி போட்டிருப்பார்கள், நடுராத்திரியில் மாற்றுவார்கள். செவ்வாய் என்றுதான் இருந்தது. கதவிடுக்கில் செருகியிருந்த கப்பல் செய்தித்தாளிலும் அதுவே. உச்சியில் கிழமையைப் பார்த்ததும் மடித்துவிட்டாள். அதற்குமேல் படிக்கப் பொறுமை ஏது.

"இன்னைக்குத்தான் செவ்வாய். கால்மிதியில போட்டிருக்கு, தாள்லயும் போட்டிருக்கு. நேத்து ஒரே நாள்ல ரெண்டையும் முழுங்கியிருக்க."

"இல்லையே. திங்கக்கிழமை மாத்திரைய திங்கக்கிழமைதான் போட்டேன்."

"நேத்துதான்யா திங்கக்கிழமை."

மர்ரே எழுந்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

காலினின் அதே சிரிப்பு என்று அவளுக்குப் பட்டது. அறைக்குள் நாலடி நடந்தாள், திரும்பினாள், திரும்பவும் நடந்தாள். அதற்குமேல் நடக்க அந்த அறையில் இடமில்லை.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போகலாம். அவர் மூளையில கோளாறுன்னு சொல்லிட்டா, ஊருக்குப் போனதும் கார் சாவி எங்கிட்ட வந்துடணும். செரில்கிட்டயும் சொல்லிடுவேன், இல்லத்துல இடம் பாக்கச் சொல்லி."

"பொண்ணு வரைக்கும் போயிட்டியா? சாவியுமா?"

"சாவியும்தான்."

"சரி. டாக்டர் சொல்றதுதான் முடிவு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது, கிழவி." துணிப்பெட்டியில் இருந்ததிலேயே நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டான். லிஃப்டில், கால்மிதியின் செவ்வாய் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

மருத்துவ அறை கீழ்த்தளத்தில் இருந்தது. டாக்டர் போத்தா, நோலீன் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கே பேசவில்லை. மர்ரேயின் ஈறைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு நாற்காலியை அவன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நேத்து?"

"செவ்வாய்."

நோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனம். அடுத்ததாகத் தன் பெயரைத்தான் மறப்பான் என்று நினைத்தாள்.

"அதுக்கு முந்தின நாள்?"

"திங்கள். அன்னைக்குப் பூரா இவ வாளிய விட்டு நகரல."

டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாம் சரி."

"எது சரி?" நோலீன் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு செவ்வாய் சொல்றாரே, காதுல விழலையா?"

"ரெண்டு செவ்வாய்தாம்மா. நேத்து ராத்திரி கப்பல் தேதிக்கோட்டைத் தாண்டிடுச்சு. கிழக்கே போறப்ப ஒரே தேதி ரெண்டு தடவை வரும். நடுவுல முதல் செவ்வாய் முழுக்க நீங்க தூங்கியிருக்கீங்க." அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தார். "தேதி பதினாலுதான். நாள் பதினஞ்சு. உங்க பெட்டியிலதான் ஒண்ணு குறையுது."

மர்ரே அந்த மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினான். எழுந்து, தன் நாற்காலியை நோலீன் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. டாக்டர், அதே கேள்விய இவகிட்டயும் கேளுங்க."