மங்கிக் கிடந்த எட்டு பட்டன்கள்

"மூணு மாசமா எட்டு பட்டனும் மங்கிக் கிடக்கு! நீங்கள்லாம் படிச்சுத்தான் வந்தீங்களா?"

மேனேஜர் மேஜையைக் குத்தியதில் தண்ணீர் டம்ளர் துள்ளியது. எதிரே தலைகுனிந்து நின்றார் சீனியர் புரோகிராமர். பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. நாலு நாளும் காலை பத்து மணிக்கு இதே கூத்து!

ஊழியர் நிர்வாகத் திரையில், ஒரே கட்டத்துக்குள் எட்டு பட்டன்கள். எச்சரிக்கைக் கடிதம், சம்பளக் குறைப்பு, பணிநீக்கம்... எதை அழுத்தினாலும் அசையாது. கம்ப்யூட்டர் வழியாக வராத கடிதம் செல்லவே செல்லாது என்பது தலைமை அலுவலகத்தின் சட்டம்.

"சரி, இன்னிக்கு என்ன காரணம்?"

"மழை சார். ஈரத்துல பட்டனெல்லாம் நமுத்துப் போச்சு."

மேனேஜர் அதைச் சிரத்தையாக டைரியில் குறித்துக்கொண்டார். நேற்றுக் குறித்த காரணம், பட்டன்களுக்குள் சண்டையாம்!

'இந்த மனுஷனுக்கெல்லாம் ஒரு சம்பளம்!' பல்லைக் கடித்தாள் புதுப்பெண். இதை மட்டும் சரிசெய்துவிட்டால் தன் வேலை நிரந்தரமாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் புரோகிராமைத் திறந்தாள். அடக் கொடுமையே! எட்டு பட்டனும் ஒரே குரூப். அந்தக் குரூப்பையே மொத்தமாக முடக்கி வைத்திருந்தது ஒரே ஒரு வரி. அதைத் தூக்கினாள். எட்டும் பளிச்சென்று உயிர் பெற்றன.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். என்ன ஆச்சரியம்! காலையில் திட்டினவரும் திட்டு வாங்கினவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டேன்!"

மேனேஜர் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. சீனியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, யாரும்மா உன்னைத் தொடச் சொன்னது?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"வணக்கம் சார்... பட்டனா? அதை ஏன் கேக்கறீங்க, இங்க ஒரே மழை..."

மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் கெஞ்சினார்.

"ஓடிப்போய் அந்த வரியைத் திருப்பிப் போட்டுடும்மா. இவரைப் போடச் சொன்னதே நான்தான். வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி அவங்க அனுப்பின லிஸ்ட்ல பதினேழு பேர் இருக்காங்க. பதினேழு வீட்லயும் அடுப்பெரியணும்."